பெட்ரூமுக்கு ஒரு கிச்சன்

கையில் அளவு டேப் வந்துவிட்டால் ஆண்களுக்கு எங்கிருந்தோ ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. எதையாவது அளந்தே தீர வேண்டும். அளந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் சரிதானா என்கிற கேள்வியெல்லாம் பிற்பாடு வருவது. நானும் ஒரு காலத்தில் அப்படித் தலையாட்டிக்கொண்டு திரிந்தவன்தான். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஜன்னலுக்குத் திரை வாங்குவதென்றால்கூட டேப்பை என் கண்ணில் படாமல் ஒளித்துவிடுகிறார்கள். அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கலா அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா போன ஐப்பசியில் எங்களை விட்டுப் போய்விட்டாள். இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்படுவாள். முடிந்தவரை பார்க்கிறேன்.

அப்பா புவனகிரியில் ஒரு ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மா எப்படியோ கல்யாணத்தை நடத்திவிட்டாள். கட்டில் போனது, குத்துவிளக்கு போனது, பித்தளைக் குடம் போனது. பீரோ மட்டும் போகவில்லை. ஆடிச் சீரில் வைத்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஆடி வந்தது. அதற்கப்புறமும் எத்தனையோ ஆடி வந்தது. எங்களால் முடியவே இல்லை.

அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை, கெட்டவர் இல்லை. நல்ல ஞாபகசக்தி உள்ளவர், அவ்வளவுதான். (சில வீடுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.) மழைக்காலத்தில் துணியில் முடை வாடை அடிக்கும்போதெல்லாம், "பொறந்த வூட்டுலேருந்து ஒரு பீரோ வந்திருந்தா இந்தக் கஷ்டம் இருக்குமா" என்று சுவரைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வார். அக்காவின் புடவைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸில் கிடந்தன. நான் அக்காவைப் பார்க்கக் கடலூருக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சூட்கேஸின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாரும் பார்க்காதபோது காலால் உள்ளே தள்ளிவிடுவேன். அம்மாவும் அந்தப் பீரோவை நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள்.

வருடங்கள் ஓடின. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவரும் அக்காவுமாகக் கடலூரிலேயே கம்மியம்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். புதுமனை புகுவிழாவுக்குத் தாய்வீட்டுச் சீர் வைக்க என்னை விட்டால் ஆளில்லை. தெருவே பார்க்க ஒரு பீரோவைக் கொண்டுபோய் இறக்கி, அத்தையின் ஞாபகசக்திக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று இருந்தேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

"பீரோ என்னாத்துக்குடா இனிமே. அடுப்படில மேடைக்குக் கீழ கதவு வெச்ச அலமாரி போடுறாங்க இல்ல, அது வாங்கிக் குடு. சாமான் சட்டியெல்லாம் உள்ள போயிடும். எலித் தொல்ல இருக்காது."

அதுவரை அவள் இருந்த வாடகை வீட்டில் மழை பெய்தால் அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிடும். பாத்திரங்களையெல்லாம் கட்டில்மேல் அடுக்கிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகிப் போன பிறகு அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

தச்சரை வைத்துச் செய்கிற வசதி எனக்கு இல்லை. ஆகவே பெரிய கடைகளில் ரெடிமேடாக விற்கும் கிச்சன் அலமாரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியில் இறங்கினேன். கடலூரில் ஒரு கடை, பாண்டிச்சேரியில் ஒரு கடை, சென்னையில் ஒரு கடை. (பெயர்களைச் சொல்லப்போவதில்லை. அவர்கள்மேல் ஒரு தப்பும் கிடையாது.) லேப் அசிஸ்டென்ட் அல்லவா, எதையும் பரிசோதிக்காமல் நம்ப மாட்டேன். ஒவ்வொரு கதவையும் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டேன். என்ன சத்தம் வர வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. மரத்தூள் பலகைக்கும் பிளைவுட்டுக்கும் பிவிசிக்கும் உள்ள வித்தியாசத்தை, கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கடலூர்க் கடையில் கதவு அழகு, ஆனால் டிராயர் கிடையாது. சென்னைக் கடையில் டிராயர் தானாக மெதுவாக மூடிக்கொள்ளும். விலையைக் கேட்டதும் என் வாயும் அப்படியே மூடிக்கொண்டது.

பாண்டிச்சேரிக் கடையில், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார் விற்பனைப் பெண். உடனே என் பாட்டிலில் இருந்த தண்ணீரை அலமாரிக்குள் ஊற்றிவிட்டேன். அவர் சொன்னது உண்மைதான், அலமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மட்டும் பின்பக்கமாக இறங்கி, அங்கே சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியின் காலை நனைத்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். கடைசியில் விலைக்கும் தரத்துக்கும் ஒத்துவந்தது அந்தக் கடை அலமாரிதான். வெட்கத்தை விட்டு மறுபடி போக வேண்டியதாயிற்று.

வாங்குவதற்கு முன்னால் அளவெடுக்கப் போனேன். அடுப்படியில் மேடை போட்டு முடித்திருந்தார்கள். அக்கா குந்தி உட்கார்ந்து டேப்பின் ஒரு முனையைத் தரையில் பிடித்துக்கொண்டாள். நான் மறுமுனையை மேடையின் அடிப்பக்கம் வைத்துத் தலையை ஆட்டினேன். சரியாக வருமா என்று கேட்டாள். மேடைக்கும் அலமாரிக்கும் நடுவில் கரப்பான்பூச்சிகூட நுழைய முடியாது என்றேன். சிமென்ட் தூசி படிந்த முகத்தோடு அவள் சிரித்தாள். கடையில் இரண்டு உயரத்தில் அலமாரி இருந்தது. கொஞ்சம் குட்டையானதை ஒதுக்கிவிட்டு, என் அளவுக்குக் கச்சிதமானதை வாங்கினேன்.

விழா அன்று காலையில் பால் காய்ச்சி முடித்ததும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் புறப்பட்டது. முன்னால் மேளம். அடுத்தது பூ, பழம், புடவை, வேட்டித் தட்டுகள். அதற்கும் பின்னால், புவனகிரியிலிருந்து வந்த பெரியப்பா மகன்களின் தோளில் தட்டையான அட்டைப்பெட்டிகள். (அலமாரி பலகை பலகையாகத்தான் வரும். நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.) ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தேன். தெருவில் ஒருவர் டிவியா என்றார், இன்னொருவர் கண்ணாடியா என்றார். நான் யாருக்கும் பதில் சொல்லாமல் மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். வாசலில் நின்ற அத்தையின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கென்று ஒரு மரியாதையைப் பார்த்தேன்.

பந்தி ஆரம்பிப்பதற்குள் பூட்டிவிட்டோம். முதல் அலமாரியை நானும் மாமாவும் அடுப்படிக்குத் தூக்கிப் போனோம். சொந்தபந்தமெல்லாம் கதவருகே கூடிவிட்டது. தள்ளினோம். மேடை விளிம்பில் இடித்து நின்றது. சாய்த்துத் தள்ளினோம். அடியில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் கால்களைக் கழற்றிவிட்டுத் தள்ளினோம். அப்போதும் இடித்தது.

"அளந்துதான மச்சான் வாங்குன?" என்றார் மாமா மெதுவாக.

"அளந்துதான் மாமா."

"எப்ப அளந்த?"

சொன்னேன். மாமா குனிந்து தரையைப் பார்த்தார். பளபளவென்று புது டைல்ஸ். நான் அளந்த அன்று அங்கே வெறும் கான்கிரீட்தான் இருந்தது. அதன்மேல் கலவை கொட்டி, டைல்ஸ் ஒட்டி, தரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே ஏறி வந்துவிட்டது. இத்தனை பரிசோதனை செய்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"என்னாப்பா, உள்ள போவலயா?" என்றார் அத்தை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ, வராமல் போன பீரோவையும் சேர்த்துக் கேட்பது போல இருந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்பிள்ளை, மேளக்காரர்கள் இன்னும் வாசலில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அழுதால் நன்றாகவா இருக்கும்?

பந்திக்கு சாம்பார் எடுக்க வந்த அக்கா, கையில் கரண்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது அடுப்படிக்கு இல்ல அத்த. பெட்ரூமுக்கு. துணி வெக்கிறதுக்கு நாந்தான் தம்பிகிட்ட கேட்டேன். பீரோன்னா உப்புக்காத்துல துரு புடிச்சிடும், இது புடிக்காது. இந்தப் பைத்தியக்காரன் இங்க வெச்சித் தள்ளிக்கிட்டு நிக்கிறான் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மகன்கள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பெட்ரூமுக்குத் தூக்கிப் போனார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பைத்தியக்காரன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு தடவை மட்டும் எனக்கு ஆயுசுக்கும் போதுமான மரியாதை கிடைத்தது.

கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மறுநாள் கெஞ்சினேன். அக்கா கேட்கவில்லை. ஊருக்கே பெட்ரூமுக்கு என்று சொல்லியாகிவிட்டது, இப்போது மாற்றினால் உன் பேர்தான் கெடும் என்றாள். அடுப்படி மேடைக்குக் கீழே ஸ்பிரிங் கம்பி கட்டி, தன் பழைய நூல் புடவையைக் கிழித்துத் திரை போட்டுக்கொண்டாள். கடைசிவரை அந்தத் திரையை விலக்கித்தான் பாத்திரம் எடுத்தாள். எலியும் அவளுக்கு முன்னால் போகவில்லை.

பெட்ரூம் அலமாரிக்கு அந்த வீட்டில் பெயரே 'கிச்சன்' என்று ஆகிவிட்டது. "சட்ட கிச்சன்ல இருக்கு, எடுத்துக்குங்க" என்பாள் மாமாவிடம். அக்கா மகள் கயல் பள்ளிக்கூடத்தில், டை எங்கே என்று கேட்ட டீச்சரிடம், கிச்சனில் மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே நின்றாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அக்கா அவர்களைப் பெட்ரூமுக்குக் கூட்டிப் போய்க் கதவைத் திறந்து காட்டுவாள். தம்பி எடுத்துக் கொடுத்தது என்பாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "கிச்சன்ல மேல் டிராயர்ல சால்வ இருக்குடா, குளுருது" என்றாள். நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று. நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

கருமாதி முடிந்த மறுநாள், புடவைகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னார் மாமா. கதவைத் திறந்தேன். தட்டு அடுக்கும் கம்பியில் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து நிறுத்தியிருந்தாள். டம்ளர் கொக்கியில் வளையல்கள். கரண்டி வைக்கும் தட்டில், கரண்டிக்கொரு பள்ளம் இருக்குமே, அதில் ஒன்றில் ஹேர்பின், ஒன்றில் பொட்டு அட்டை, ஒன்றில் சுருட்டிய கைக்குட்டைகள். எல்லாம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த டைல்ஸ் தரையில்தான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை கொஞ்ச நேரம் என்னை அழவிட்டார்.

"அது அடுப்படி அலமாரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்பா" என்றார். "எந்தப் பீரோவுல கரண்டித் தட்டு இருக்குது? அவ அப்படி சொல்லிட்டா. அதுக்கப்புறம் நா என்னா பேசறது."

அந்த விழாவுக்குப் பிறகு அத்தை பீரோ என்ற வார்த்தையையே எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தத் தை மாதத்தில் கயலுக்கு நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பக்கத்தில் கிள்ளை. சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருக்கிறார்கள். தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டேன். கயல் யோசிக்கவே இல்லை.

"பெட்ரூமுக்கு ஒரு கிச்சன் வாங்கிக் குடுங்க மாமா."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாங்கித் தருகிறேன், அளவை மட்டும் வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள் என்றேன்.

"இல்ல, நீங்கதான் அளக்கணும்" என்றாள் கயல். "கீழ நா புடிச்சிக்கிறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு வந்தோம். டைல்ஸ் போட்டாகிவிட்டதா என்று முதலில் குனிந்து பார்த்துக்கொண்டேன்.