ஜெபத்தின் நடுவே சுருட்டு வாசம்

ஒருவரைத் திருத்தப் புறப்படுகிறவருக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி வேண்டும். எனக்கு அது கிடையாது. அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், நாத்தனாரின் கல்யாணத்தைப் புகையோடு புகையாக அனுப்பப் பார்த்தேன்.

மாமனார் பஞ்சுத் தரகர். அவர் வருவதைக் கண்ணுக்கு முன் மூக்கு சொல்லிவிடும்; அப்படிச் சுருட்டுக் குடிப்பார். விடியற்காலையில் அவர் இருமத் தொடங்கினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அப்பாவும் சுருட்டும் இருமலுமாகத்தான் இருந்தார். பிறகு சளியில் ரத்தம் வந்தது, உடம்பு உருகியது, போய்விட்டார். நுரையீரல் புற்றுநோய் என்ற பெயரே அன்று எங்கள் காதில் விழுந்ததில்லை. எல்லா இருமலுக்கும் ஒரே கஷாயம்தான்.

மாமனாரிடம் நேரில் சொல்லத் தைரியம் ஏது? (புது மருமகள், பரிந்து பேச மாமியாரும் இல்லாத வீடு.) ஆகவே சுருட்டுக் கட்டைத் தூக்கி, அவர் ஆயுளில் எட்டிப் பார்க்காத ஒரே இடமான அடுப்படியில், எரிக்க அடுக்கியிருந்த காய்ந்த பருத்திச் செடிகளின், அதாவது பருத்திமாரின், குவியலுக்குள் ஒளித்துவைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நாத்தனார் எஸ்தரைப் பெண் பார்க்கச் சேத்தூரிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் வந்த இடங்கள் தட்டிப்போயிருந்ததால் எஸ்தர் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "மைனி, இதுவும் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டாவ. வடையாவது நல்லாச் சுடுங்க," என்றாள். (நம்பிக்கை வைத்த ஆளைப் பாருங்கள்!)

விருந்தாளிகள் உட்கார்ந்ததும் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாரான மாப்பிள்ளையின் பெரியப்பா, "முதல்ல ஜெபம் பண்ணிருவோம்," என்று எழுந்தார். அவர் ஜெபம் ஆதாமில் தொடங்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதற்குள் வடையைப் போட்டுவிடலாம் என்று, தணிந்திருந்த அடுப்பில் ஒரு கை பருத்திமாரை அள்ளித் திணித்தேன்.

எதை அள்ளினேன் என்பது மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. கண் எரிய, இருமல் முட்ட, இடுக்கியால் துழாவுகிறேன், கட்டு அடுப்பின் ஆழத்துக்குப் போய்விட்டது. எங்கள் அடுப்படிக்குப் புகைபோக்கி கிடையாது. புகை வெளியேற ஒரே வழி கூடம்தான்.

கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கலாமா? உபதேசியார் நோவாவைப் பேழைக்குள் ஏற்றும்போது முதல் ஆள் இருமினார். இஸ்ரவேலர் செங்கடலை நெருங்குவதற்குள் கூடமே இருமியது. ஜெபத்தில்கூடச் சுருட்டை விடாத மனுஷனா என்று அத்தனை பேரும் மாமனாரைத்தான் மனதுக்குள் திட்டியிருப்பார்கள். உபதேசியார் மோசேயை நடுவழியில் விட்டுவிட்டு "ஆமென்" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் மாமனார் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார். சுருட்டுப் புகையோ பெண்கள் மட்டும் இருக்கிற அடுப்படியிலிருந்து வருகிறது.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க வீட்டுல பொம்பளையளும் சுருட்டுக் குடிப்பாகளோ?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. கதவுக்குப் பின்னால் எஸ்தர் அழத் தொடங்கினாள்.

அதற்கு மேல் ஒளிய முடியவில்லை. முகமெல்லாம் கரி, கையில் இடுக்கி, இடுக்கியில் பாதி எரிந்த சுருட்டுக் கட்டு என்ற கோலத்தில் கூடத்துக்கு வந்தேன்.

"நாந்தான் ஒளிச்சு வச்சேன் மாமா. எங்க அப்பாவும் இப்பிடித்தான் இருமி இருமிச் செத்தாவ. நீங்களும் போயிருவியளோன்னு பயமா இருந்துச்சு," என்று சொல்லி ஓவென்று அழுதேன். (நயமாகச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.)

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்து நேரே அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமனாருக்காவ இம்புட்டுப் பயப்படுத மருமவ இருக்க வீடு, பொண்ணு எங்களுக்குச் சம்மதம் அண்ணாச்சி. ஆனா, சுருட்டு இல்லைன்னாலும் அங்க எம்புட்டுப் புகை! ஒங்க மருமவ எப்பிடித்தான் மூச்சு விடுதாளோ? கல்யாணத்துக்கு முன்ன ஒரு புகைபோக்கி கட்டிருங்க. எம் மருமவ தலைப்பிள்ளையப் பெத்துக்க இங்கதான வரணும்?"

மாமனார் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். "கட்டிருதேன் தாயி. ஒரு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி போதும்," என்றார்.

(அன்றோடு விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். பிறகும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் பிடிபட்டார். பல தடவை விட்டுத்தான் ஒரேயடியாக விட்டார்.)

எஸ்தரின் அந்தத் தலைப்பிள்ளை இன்று டாக்டர். நுரையீரல் புற்றுநோயைப் பற்றிச் சபைக் கூட்டங்களில் பேசுகிறாள். அது வெகுநாள் சத்தமில்லாமல் இருக்கும், இருமலும் ரத்தமும் தெரியும்போது பல நேரம் முற்றியிருக்கும் என்பாள். புகைக்கத் தொடங்காமலிருப்பதே மேல், தொடங்கியவர்கள் எந்த வயதில் விட்டாலும் லாபம்தான், பக்கத்திலிருப்பவர் விடும் புகையும் அடுப்புப் புகையும்கூட நெஞ்சுக்கு ஆகாது என்பாள். "எங்க அப்பாவுக்கும் அதுதானா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கலாம் அத்தை. இப்ப எப்பிடிச் சொல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் பெண் பார்க்கும் நாளில் என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை, கேஸ் அடுப்பு வந்த பிறகும்கூட. ஜெபம் தொடங்கியதும் எவனாவது ஒருத்தன் வேண்டுமென்றே இருமுவான். உடனே அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே என் பக்கம் விரலை நீட்டுவார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜெபத்தில் நான் மட்டும் கண்ணை மூடுவதில்லை. பட்ட அனுபவம் அப்படி.