தையல் பிரியாமல் சிரிக்க வைப்பவர்

சிரிக்க வைப்பவர்களில் ஓர் இனம் உண்டு. நகைச்சுவையைச் சொல்லுமுன் தானே சிரித்து முடித்து, சொன்னபின் நம் முகத்தை உற்றுப் பார்த்து, அங்கே ஒன்றும் நடக்காதது கண்டு, "புரியலையா?" என்று நம் புத்தியின்மேல் பழியைப் போட்டு, பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை எல்லாம் வழங்கி, சிரித்தே தொலைப்போம் என்று நாம் பல்லைக் காட்டும்வரை விடாத இனம். இவருக்கு நகைச்சுவையாளர் என்று பெயர். வைத்தது அவரே.

எனக்குத் தெரிந்த நகைச்சுவையாளர் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். போன மாதம் அவர் மைத்துனருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. மைத்துனர் தையல்கடை வைத்திருப்பவர்.

"ஒரு வாரம் சிரிக்கக்கூடாது. தையல் விட்டுடும்" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். இங்கே தையல் விட்டுப்போகுமாம். எனவே வாயாடித் தங்கை, வம்பளக்கும் கடைக் கூட்டாளி என்று வேடிக்கையாகப் பேசத் தெரிந்த அத்தனை பேரையும் மருத்துவமனை அறை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள் தையல்காரரின் மனைவி. நம்மவரை மட்டும் உள்ளே விட்டாள்.

ஒரே வாரத்தில் இரண்டாவது அறுவை.

"மாப்ளே, தையல்காரனுக்கே தையல் போட்டுட்டாங்களாமே."

தையல்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதாவது, நீ போடறதும் தையல். உனக்குப் போட்டதும் தையல். ஆனா அது துணியில, இது..."

"புரியுது அத்தான்."

நான்கு நாள் வந்தார். ஒரு தையலுக்கும் சேதமில்லை. ஐந்தாம் நாள் மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, எல்லாரையும் தடுக்கறே. இவ்வளவு வேடிக்கையா பேசற என்னை மட்டும் எப்படி விடறே?"

அவள் தயங்கினாள். "உங்களால ஒரு ஆபத்தும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருண்ணே. முதல் நாளே கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுத்தான் சொன்னாரு."

கல்யாணமான நாள்முதல் மாமனார் வீட்டில் நம்மவர் சொன்ன நகைச்சுவை அத்தனையும் கண்முன் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும்.

"இருபது வருஷமாவா?" என்றார். அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தலையணையை அமுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, "வலிக்குது, அத்தானை வெளிய அனுப்பு" என்று சிரித்தார். மனைவியும் சிரித்தாள். ஒரு தையல் விட்டே போயிற்று. மருத்துவர் வந்து மறுபடி போட்டார்.

வெளியே பெஞ்சில் நம்மவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே வருத்தம்தான். ஆனாலும், கடந்துபோன நர்ஸைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "நான்தாம்மா சிரிக்க வெச்சேன்."

ஒவ்வொரு குடும்பத்திலும் இவர் ஒருவர் கட்டாயம் உண்டு. உங்கள் குடும்பத்தில் அது யார் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.