இதை நினைவில் வைத்திரும்

“உப்பிடிக் கேக்கக்கூடாது, பிள்ளை,” என்று யோகநாதன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

கீழ்மாடியிலிருந்து வந்த மஸாஹிரா இன்னும் எதையும் கேட்கவில்லை. கதிரையில் உட்காரக்கூட இல்லை.

இந்த இனத்துக்குக் கட்டளைக்காரர் என்று பெயர் வைக்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக்கட்டடத்துக்கு ஒருவர் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்கு ஒருவர். முன்பெல்லாம் இவர்கள் காரியாலயங்களில் படிவம் நிரப்புகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று, கறுப்புப் பேனையால் எழுத வேண்டும், பெரிய எழுத்தில் எழுத வேண்டும், கட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிவம் யாருடையது? அது அவர்களுக்குத் தேவையில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பின்னால் நிற்க இனி ஒருவரின் தோள்கூடத் தேவையில்லை.

மாதிரிக்கு நாம் எடுத்துக்கொள்வது இந்த யோகநாதனை. ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர். ஐந்தாம் மாடி, கடல் பக்கம். இயந்திரத்தை ‘நீர்’ என்றுதான் அழைப்பார். ‘நீ’ என்றால் அதற்கு மரியாதைக் குறைவு, ‘நீங்கள்’ என்றால் தனக்கு. ஸ்லாஷ் போட்டு ஒரு சொல் எழுதினால் ஒரு வேலை நடக்கும்படி பதினொரு கட்டளைகள் வைத்திருக்கிறார். ‘/கடிதம்’ என்றால் கடிதம். அவருடைய பெயரில், அவர் வகித்த மூன்று பதவிகளோடு. இவற்றுக்கு மேல் நினைவுகள். எதைச் சொன்னாலும் கடைசியில் “இதை நினைவில் வைத்திரும்” என்று தட்டுவார். அப்படி நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. அவருக்கு முருங்கைக்காய் ஒத்துவராது. அவர் 1987இல் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனவர். மகள் என்று அவர் சொன்னால் அது சாருஜா, முப்பத்துநான்கு வயது, ரொறொன்ரோ. எந்த மகள் என்று திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. இது ஏழாவது. அவரிடம் எதிர்க்கேள்வி போடக்கூடாது. இது பத்தொன்பதாவது.

“உதில என்ட பேர் இருக்கோ?” என்று மனைவி அருந்ததி ஒருநாள் கேட்டாள். அவர் மேலிருந்து கீழாகத் தேடினார். பிறகு, தேநீர் கேட்டார்.

இனி, அளவு. அவருடையது இலவசக் கணக்கு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் கதைத்தால் சில மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். “லிமிட்டை அளந்து பாவிக்கத் தெரியோணும்,” என்பார், மாடிக்கூட்டத்தில் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிச் சொல்லும் அதே குரலில். அன்று காலை என்ன அளந்தார்? காலை வணக்கம். யோகநாதன் என்ற பெயரின் பொருள். அதே பொருள், இன்னும் விரிவாக. ஜப்பான் அனுபவம் குறித்து ஒரு வெண்பா. தளை தட்டியதற்குக் கண்டனம். நன்றி.

மஸாஹிரா வந்தது பதினொன்றரைக்கு. மூன்றாம் மாடி. மகள் றலியாவுக்கு முதலாம் தரத்தில் இடம் கிடைக்கவில்லை. மாளிகாவத்தையிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம்தான். ஒரே விலாசத்தில் பல வருடம் இருந்தால் கிடைக்கும் புள்ளிகள் போய்விட்டன. மேன்முறையீடு கையளிக்க அன்றுதான் கடைசி நாள். சிங்களத்தில் கொடுக்க வேண்டும், காரியாலயம் இரண்டு மணிக்கு மூடும்.

“சிங்களம் பேச வாசிக்க ஏலும், அங்கிள். காரியாலயச் சிங்களம்தான் எழுத வராது. என்ட போனிலயும் இது ஈக்கிது, அதில கேட்டுப் பாப்பமா?”

“உங்கட போனுக்கு என்ன தெரியும்? இது நான் பழக்கினது.”

பழக்கியதைத் தட்டினார். ‘/கடிதம். மகளுக்கு முதலாம் தரத்தில் இடம் கேட்டு மேன்முறையீடு. சிங்களத்தில்.’ திரை நிறைந்தது. யோகநாதன் கொழும்பில் நாற்பது வருடம். பஸ்ஸின் பெயர்ப்பலகை வரை சிங்களம் வாசிப்பார். கடிதத்தின் நீளத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

மஸாஹிரா வாசித்தாள்.

“அங்கிள், உங்கட மகளுக்கு எத்தின வயசு?”

“ஏன்?”

“ரொறொன்ரோவில ஈக்கிற சாருஜாவ முதலாம் தரத்துல சேர்க்கச் செல்லி எழுதீக்கிது. நீங்க ஜப்பானுக்குப் போனதும் ஈக்கிது.”

அடுக்களையில் அருந்ததி சிரித்த சத்தம் கேட்டது. அவர் தட்டினார்: ‘நான் சொன்னது இந்தப் பிள்ளையின் மகளை. உமக்கு விளங்கவில்லையா?’ இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. ஏழாவது நினைவின்படி மகள் என்றால் சாருஜா என்று சொன்னது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் அதை விட்டுவிடவா, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டது.

பெயர் மூன்று எழுத்து: றலியா, இடைவெளி வேண்டுமென்றால் நான்கு. தட்டினாரா?

எதிர்க்கேள்வி கேட்கிறது. பத்தொன்பதாவதை மீறுகிறது. அதற்கு விளக்கம் கேட்டார். அது விளக்கம் தந்தது. விளக்கத்தின் தொனி சரியில்லை என்றார். தான் திணைக்களத்தில் முந்நூறு பேரை வைத்து வேலை வாங்கியவர் என்று நீளமாக ஒரு பந்தி எழுதி, எழுத்துப்பிழை திருத்தி, கடைசியில் இதை நினைவில் வைத்திரும் என்று முடிக்கப்போன இடத்தில் திரையில் ஒரு வரி வந்தது. பாவனை எல்லை முடிந்தது. மாலை நான்கு மணிக்குப் பின் தொடரலாம்.

“நாலு மணிக்கு வாங்கோ, பிள்ளை. திறமான கடிதமாத் தரும்.”

மணி ஒன்று ஐந்து.

கீழே வாசலில் காவலுக்கு இருப்பவர் இராமர், இரத்தினபுரிப் பக்கம், சிங்கள மொழியில் படித்தவர். போகிற வழியில் தன் போனிலாவது கேட்டுப் பார்க்கலாம் என்று மஸாஹிரா முச்சக்கரவண்டி பிடித்துத் தரச் சொன்னாள். முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னாள்.

“புள்ள பேரு என்னாங்க? இங்க வந்தது எந்த மாசம்?”

இரண்டே கேள்வி. வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து, பந்துமுனைப் பேனையால் ஒன்பது வரி எழுதினார். அவள் வண்டியில் வைத்துக் கையெழுத்திட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறகு உங்கள் கைபேசியை எடுத்து, அது உங்களைப் பற்றி என்னவெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது என்று திறந்து பாருங்கள். உங்களோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்களின் பெயர் அதில் எத்தனை?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் மழை. முதல்நாள் பகல் ஒன்று நாற்பதுக்குப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதி ஒன்றை மஸாஹிரா வாசலில் இராமரிடம் காட்டினாள். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாம் மாடியில் அருந்ததி புட்டு அவித்தாள். எட்டு மணிக்கு யோகநாதன் மடிக்கணினியைத் திறந்தார். ‘நேற்று ஒரு அயல்வீட்டுப் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு உதவினேன். இதை நினைவில் வைத்திரும்’ என்று தட்டினார். வைத்துவிட்டேன் என்றது. நாற்பத்திரண்டு.