வெள்ளகோவில் போகாத கார்

பன்னிரண்டாவது முறையாகப் பொத்தானை அமுக்கினார் நஞ்சுண்டன். கார் அசைந்து கொடுக்கவில்லை.

‘கீக்’ என்று ஒரு சத்தம் வரும், நான்கு கதவும் ‘டக்’கென்று திறந்துகொள்ளும் என்று முதலாளியம்மா ரங்கம்மாள் சொல்லியிருந்தார். கீக்கும் வரவில்லை, டக்கும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் மோட்டார் பட்டறையில் லேத் மெசின்கள் இரைவது மட்டும் கேட்டது.

“கிட்டப் போயி அமுக்கிப் பாருங்க,” என்றார் ரங்கம்மாள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, இரண்டு கைகளிலும் இரண்டு தாம்பாளங்களுடன் போர்ட்டிகோவில் நின்றார். ஒன்றில் பெண்ணுக்கு எடுத்த பட்டுச்சேலை, இன்னொன்றில் மோதிரமும் தேங்காய் பழமும்.

“இதுக்கு மேல கிட்டப் போறதுன்னா காருக்குள்ளதானுங்கம்மா போகோணும்,” என்றார் நஞ்சுண்டன்.

ரங்கம்மாளின் மகன் கிஷனுக்கு அன்று வெள்ளகோவிலில் நிச்சயதார்த்தம். மூன்று மணியிலிருந்து நாலரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். முதலாளி பாலகோபால் காலையிலேயே மகனையும் சொந்தக்காரர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மோதிரம் பத்து மணிக்குத்தான் ஆசாரியிடமிருந்து வந்து சேரும் என்பதால் ரங்கம்மாள் தங்க வேண்டியதாயிற்று. டிரைவர் லீவு. டவுனில் இருக்கும் முதலாளியின் பம்ப்செட் கடையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதும் நஞ்சுண்டனுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மாவைக் கூட்டிக்கிட்டு நம்ம கார்ல வந்துருப்பா. பொண்ணு ஊட்டுக்காரங்க வாசல்ல நின்னு பார்ப்பாங்க,” என்று முதலாளி முந்தின நாள் சொன்னபோது நஞ்சுண்டனுக்கு உடம்பு புல்லரித்தது. அடுத்த மாதம் உக்கடத்தில் புதுக் கடை திறக்கிறார்கள். அதற்கு மேனேஜர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்தக் கார் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு டாக்டரிடம் வாங்கியது. பதின்மூன்று வயது. முதலாளி அதைக் கைக்குட்டையால்தான் துடைப்பார். திருட்டுப் போய்விடக்கூடாதென்று இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். ரிமோட்டை அமுக்கினால்தான் வண்டி கிளம்பும். அமுக்காமல் சாவியைப் போட்டுத் திறந்தால் ஊரைக் கூட்டும்.

“இது காரு ரிமோட்டுதானுங்களா?” என்று நஞ்சுண்டன் கேட்டார்.

“அவரு டிராயர்ல இதான் இருந்துச்சு. கறுப்பா பொத்தான் வச்சிருக்கும்னாரு. கறுப்பாத்தானே இருக்குது?”

கறுப்பாகத்தான் இருந்தது. அமுக்கினால் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கும் எரிந்தது. நஞ்சுண்டன் அதைத் தூக்கிக்கொண்டு கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்து வாட்ச் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார்.

“பேட்டரி புதுசுங்க. ரிமோட் நெம்ப நல்லாருக்குது. கோளாறு வண்டியிலதானுங்க.”

இருந்தாலும் வேறு ஒரு பேட்டரி போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஐந்து முறை அமுக்கினார். நிமிர்ந்து பார்த்தபோது பட்டறைச் சுவருக்கு மேலே ஏழெட்டுத் தலைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி அமுக்கினார். தலைகள் மறைந்தன. இன்னொரு முறை அமுக்கினார். தலைகள் முளைத்தன. வேலை நேரத்தில் இவர்களுக்கு எப்படிப் பொழுது ஒழிகிறதோ என்று நினைத்துக்கொண்டார்.

“மணி பதினொண்ணரைங்க,” என்றார் ரங்கம்மாள். “சாவியப் போட்டே தொறங்க. நானாச்சு.”

நஞ்சுண்டன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

அடுத்த நொடி கார் அலறியது. நூறு நரிகள் ஒன்றாக ஊளையிட்டதுபோல் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாயைக் கொத்திக்கொண்டிருந்த காகங்களெல்லாம் பறந்தன. அந்த அலறலுக்கு நடுவிலேயே ரங்கம்மாள் தாம்பாளங்களைப் பின் சீட்டில் வைத்தார். நஞ்சுண்டன் சாவியைத் திருகினார். இஞ்சின் முனகக்கூட இல்லை.

“பேட்டரி வயரக் கழட்டுங்க! அடங்கிப்போகும்!” என்று சுவருக்கு மேலிருந்து கத்தினான் லேத் ஓட்டும் லட்சுமணசாமி.

நஞ்சுண்டன் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றினார். ஊளை அடங்கவில்லை. இன்னும் ஒரு சுருதி கூடியது.

“மாட்டிப்போடுங்க, மாட்டிப்போடுங்க!” என்றான் லட்சுமணசாமி.

மாட்டினார். நான்கு கதவும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன. காலையிலிருந்து அவர் காத்திருந்த ‘டக்’. சாவி உள்ளே. மோதிரம் உள்ளே. பட்டுச்சேலை உள்ளே. நஞ்சுண்டன் வெளியே, கையில் ரிமோட்டுடன்.

ரங்கம்மாள் கண்ணாடி வழியே தாம்பாளங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படியா,” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. நஞ்சுண்டன்தான் எடுத்தார். அந்தப் பக்கம் நாதஸ்வரம், அதற்கு நடுவில் முதலாளியின் குரல்.

“ஏனப்பா நஞ்சுண்டா, கிளம்பலையா?”

“கிளம்பிக்கிட்டே இருக்கறமுங்க. ரிமோட்டுதான் சித்த...”

“அழுத்தி அமுக்கோணும்ப்பா! பயந்து பயந்து அமுக்குனா வேலைக்காகாது!”

“சரிங்க.”

“அங்க என்ன, யாரோ கத்தற மாதிரி கேக்குது?”

“பக்கத்துல... கோயில் மைக்செட்டுங்க,” என்றார் நஞ்சுண்டன். பத்தொன்பது வருடத்தில் முதலாளியிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

வெளியே வந்து அழுத்தி அமுக்கினார். கட்டைவிரலில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம்.

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் செய்தார். முகூர்த்த நாள், ஒரு வண்டிகூட இல்லை. அப்படியே இருந்தாலும் தட்டு இல்லாமல் போய் என்ன செய்வது? கடைசியில் உக்கடத்திலிருந்து அக்பர் அலி வந்தார். கார் வயரிங் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். மொபெட்டை நிறுத்திவிட்டு, ஊளையிடும் காரை ஒரு நிமிடம் தலை சாய்த்துக் கேட்டார்.

“அட, இதெல்லாம் அஞ்சு நிமிசமுங்க.”

ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். உள்ளே ஏதோ ‘கிளிங்’ என்றது. ஸ்கேல் கதவுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்க ஒரு கம்பியை விட்டார். கம்பி எதையோ தட்டிவிட, கண்ணாடி சரசரவென்று இறங்கிக் கதவுக்குள் போய் உட்கார்ந்தது.

“பாய், கண்ணாடி போயிருச்சே!” என்றார் நஞ்சுண்டன்.

“நல்லதுதானுங்க. இப்பக் கை போகுமில்ல?” அக்பர் அலி கையை விட்டுக் கதவைத் திறந்தார். ரங்கம்மாள் பாய்ந்து தாம்பாளங்களை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஊளையை நிறுத்துவதற்காக அக்பர் அலி அந்தச் சைரனைக் கழற்றி எடுத்தார். அதற்குள்ளேயே ஒரு பேட்டரி இருந்தது போலும். அவர் கையில் இருந்தபடியே கத்தியது. சாக்கில் சுற்றினார்கள், கத்தியது. நஞ்சுண்டன் அதைப் பிடுங்கித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். சிறிது நேரம் கொப்புளித்துக்கொண்டே ஊளையிட்டுவிட்டு அடங்கியது.

“இனி அந்தப் பொட்டியக் கண்டுபுடிக்கோணும். அதுதான் இஞ்சினைப் புடிச்சு வச்சிருக்குது,” என்றார் அக்பர் அலி. பெட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. டாஷ்போர்டைக் கழற்றினார். ரேடியோவைக் கழற்றினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு கால்களை வெளியே நீட்டியபடி வயர் வயராக உருவினார்.

“நான் ‘உம்’ங்கறப்ப எல்லாம் ரிமோட்ட ஒருக்கா அமுக்குங்க. எந்த வயருல உசுரு வருதுன்னு பாக்கலாம். உம்.”

அமுக்கினார்.

“வரல. உம்.”

அமுக்கினார். வைப்பர் ஓட ஆரம்பித்தது.

“அது நான் தொட்டதுங்க. உம்.”

பன்னிரண்டு ‘உம்’முக்குப் பிறகு வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது, பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. இஞ்சின் மட்டும் அப்படியே கிடந்தது. போர்ட்டிகோ தரையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வயர்கள். முதலாளி கைக்குட்டையால் துடைக்கும் டாஷ்போர்டு செம்பருத்திச் செடிமேல் கிடந்தது.

“ரிமோட்டுல குத்தமில்லீங்க,” என்றார் அக்பர் அலி, அதை வாங்கி ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு. “சிவப்பு எப்படி எரியுது பாருங்க! வண்டிதான் கேக்க மாட்டேங்குது. பொட்டிய வெட்டிப்போட்டு நேரா குடுத்தர்றேன்.”

வெட்டினார். இரண்டு வயர்களைச் சேர்த்தார். இஞ்சின் உறுமியது. நஞ்சுண்டன் கையெடுத்துக் கும்பிட்டார். ரங்கம்மாள் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. தாம்பாளங்களுடன் அவர் படியிறங்கி வருவதற்குள் டாஷ்போர்டு இருந்த பள்ளத்திலிருந்து புகை வந்தது. சாம்பிராணி போல மெல்லிசாக ஆரம்பித்து, கறுப்பாகத் திரண்டது.

“தண்ணி! தண்ணி!” என்று கத்தினார் நஞ்சுண்டன். யாரும் அசையாததால் தானே ஓடி, தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் மொண்டு வந்து ஊற்றினார். புகை அணைந்தது. இஞ்சினும் அணைந்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. முன் சீட்டில் தண்ணீர் குளமாகத் தேங்கியது.

அக்பர் அலி கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “பக்கெட்டுத் தண்ணிய மட்டும் ஊத்தாம இருந்திருக்கலாமுங்க,” என்றார்.

மணி ஒன்று. ரங்கம்மாள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறை வாசலுக்கு நடந்தார். அங்கே பம்ப்செட் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குக் கிளம்பத் தயாராக ஒரு டெம்போ நின்றது.

“ஏம்ப்பா, வெள்ளகோவில் வழியாப் போ.”

“அம்மா, இந்த வண்டியிலயா? நீங்க மாப்பிள்ளைக்கு அம்மாங்க!” என்று நஞ்சுண்டன் பதறினார்.

“மாப்பிள்ளைக்கு அம்மா வரலைன்னு சொல்றதுக்கு, டெம்போவுல வந்தாங்கன்னு சொன்னாப் போவுது.” டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தாம்பாளங்களை மடியில் வைத்துக்கொண்டார். “நீங்க காரைப் பார்த்துக்கங்க. கதவு சாத்தாது, கண்ணாடி இல்ல. தொறந்த வண்டிய உட்டுப்போட்டு எங்கயும் போயராதீங்க.”

டெம்போ போய்விட்டது. அக்பர் அலியும், “நாளைக்கு வந்து சரி பண்ணித் தாரேனுங்க,” என்று சொல்லிவிட்டு, பார்க்கக்கூடாததைப் பார்த்தவர் போல மொபெட்டை மிதித்துக்கொண்டு போனார்.

நஞ்சுண்டன் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தார். உக்கடம் கடைக்கு யார் மேனேஜராவார்கள் என்று இப்போது யோசிக்க வேண்டியதில்லை. ராஜினாமாக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தார். ‘தங்கள் காரை’ என்று தொடங்கினால் முதலாளிக்கு அந்த இடத்திலேயே ரத்தக்கொதிப்பு வரும். ‘தங்கள் கீழ் பத்தொன்பது வருடம்’ என்று தொடங்கினால் தனக்கே அழுகை வரும். நடுநடுவே, பழக்கதோஷத்தில், கையிலிருந்த ரிமோட்டைக் காரைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். இப்போது அது திறந்துகொண்டாலும் திறப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நான்கே காலுக்கு டெலிபோன் அடித்தது.

“தட்டு மாத்தியாச்சுப்பா!” முதலாளியின் குரலில் சந்தோஷம் வழிந்தது. “அம்மா டெம்போவுல வந்து எறங்குனதப் பார்த்துச் சம்பந்தி அசந்துபோயிட்டாரு. ‘எவ்வளவு எளிமை’ன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு! காரு கிளம்பலைன்னு அம்மா சொல்றா, நெசமா?”

“ஆமாங்க.”

“போகட்டும் உடு. வண்டிய யாரையும் தொட உடாதே. நான் காலையில வந்து பார்த்துக்கறேன். உன்னை நம்பித்தான் உட்டுட்டு வந்திருக்கறேன்.”

நஞ்சுண்டன் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். உருவிய வயர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முன் சீட்டில் போட்டார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த செம்பருத்தி இலையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அதற்குமேல் தாங்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க.”

நிமிர்ந்தார். லட்சுமணசாமி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர். எல்லாருடைய கண்களும் சிவந்திருந்தன. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தனக்காக வருத்தப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நஞ்சுண்டன் படியில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

“உக்காருங்கப்பா. நடந்தது நடந்துபோச்சு.”

“அதில்லீங்க. முதலாளி உத்தரவ மீறறோம்னு நெனைக்காதீங்க. காலையில இருந்து ஒரு பம்ப்கூட லேத்துல கடையல. ஆளுங்களால இதுக்கு மேல முடியாதுங்க.”

“என்ன முடியாது?”

“தயவு பண்ணி நீங்களே நிறுத்தோணுமுங்க.”

நஞ்சுண்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கு எதுதான் விளங்கியது? பெருமூச்சு விட்டு, கட்டைவிரல் தானாகப் போய் அமர்ந்த பொத்தானை இன்னொரு முறை அமுக்கினார். சைரனும் இல்லாமல், மெசினும் ஓடாமல் கிடந்த அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம் ‘கிர்ர்ர்ர்’ என்று ஒரு மணி அடித்தது அன்று முதல் முறையாக அவருக்கு உறைத்தது.

லட்சுமணசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அய்யோ, மறுக்காவும் அமுக்கிப்போட்டீங்களே! அந்தப் பொத்தானை ஒருக்கா அமுக்குனா பட்டறையில பெல் அடிக்கும், மெசினை நிறுத்திப்போட்டு டீ குடிக்கோணும், இன்னொருக்கா அமுக்குனா வேலைக்குப் போகோணும்னு முதலாளி போன வாரம் போட்ட சட்டமுங்க, காலையில இருந்து ஆளுக்கு இருபத்தி மூணு டீ ஆயிப்போச்சுங்க!”