சர்க்கரைக் கரப்பான்

ஐந்து கரப்பான்கள் ஒழுங்காக மீசையை நீட்டிக்கொண்டு நின்றன. ஆறாவதுதான் தகராறு செய்தது. கேக் கடை அடுப்படியில் ரிக்மோர் காய்ச்சிய சர்க்கரையை மயிரிழையாக இழுத்து ஒட்டுவாள். ஒட்டிய கையோடு அது உதிர்ந்துவிடும்.

"மீசை இல்லாட்டி என்ன, சவரம் பண்ணிக்கிட்ட கரப்பான்னு நெனச்சுக்கட்டும்," என்றான் கணவன் ஹோல்கர். கல்லாவைப் பார்த்துக்கொள்வதைத் தவிர மற்ற எல்லா வேலையிலும் அவனுக்குக் கருத்து உண்டு.

"பாத்தவங்க அலறணும்னு ஆர்டர். மீசை இல்லாம எவன் அலறுவான்?"

ஆர்டர் கொடுத்தது பொடில் என்ற பெண், போனில். வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருவருக்கு விருந்தாம். கேக்கின் மேல் கரப்பான்கள் ஓட வேண்டும், நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். ரிக்மோர் கரப்பானைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். அதற்காக விட்டுவிடுகிற ஆளா? சாக்லேட் மாவில் உடல், காப்பி கலந்த ஜெலட்டின் தாளில் சிறகு, மேலே பாகு தடவி மினுமினுப்பு. கடித்தால் வழியட்டும் என்று வயிற்றுக்குள் எலுமிச்சை கிரீம் வேறு வைத்திருந்தாள்.

கடை மணி அடித்தது. ஹோல்கர் எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தான்.

"ப்ரெபென்."

ப்ரெபென் உணவு ஆய்வாளர். சொல்லாமல் வருவார், டார்ச்சோடு மண்டியிடுவார், அடுப்புக்கு அடியில் ஒன்றும் கிடைக்காமல் பெருமூச்சு விடுவார், கடை சுத்தம் என்பதற்கு அடையாளமாகச் சிரித்த முகப் படத்தைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். சிரித்த முகத்தை அவ்வளவு சோகமாக ஒட்டும் மனிதரை ஸ்வென்போர்க் ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. அது இருந்தால் ஊரே கடைக்குள் வரும். வாய் கவிழ்ந்த முகத்தை ஒட்டிவிட்டால், நீங்கள் தங்கத்தில் ரொட்டி சுட்டாலும் எதிர்க்கடைக்குப் போய்விடும். வருகிற ஞாயிறு தேவாலயத்தில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் சடங்கு வேறு, வீட்டுக்கு வீடு கேக் வெட்டுவார்கள். அந்த ஒரு வாரக் கேக்கில்தான் இவர்கள் வருடம் முழுக்கச் சாப்பிட்டார்கள்.

'சர்க்கரைப் பூச்சி செய்கிறேன், வந்து பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பதற்றம் வந்தால் புத்தி முதலில் லீவு போட்டுவிடுகிறது. ரிக்மோர் தட்டோடு கரப்பான்களை மாவு மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

ப்ரெபென் மண்டியிட்டார். டார்ச் வெளிச்சம் அடுப்படியில் அலைந்து, மூட்டைக்குப் பின்னால் போய் நின்றது. வெகுநேரம் நின்றது.

"கரப்பான்," என்றார். குரல் தழுதழுத்தது.

"அது சர்க்கரைங்க."

"சர்க்கரைய யாராவது மூட்டைக்குப் பின்னாடி ஒளிப்பாங்களா?"

நியாயமான கேள்வி.

"கரப்பான்னா இவ்ளோ நேரம் அசையாம நிக்குமா?" என்றான் ஹோல்கர்.

"பயந்து போயிருக்கும்."

ரிக்மோர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். எலுமிச்சை கிரீம் திட்டமிட்டபடியே மோவாயில் வழிந்தது.

ப்ரெபென் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "கடையக் காப்பாத்த அழுதவங்களப் பாத்திருக்கேன். முழுங்கினவங்கள இப்பதான் பாக்கறேன்."

"நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க."

"வேலை நேரத்துல நான் எதையும் சாப்பிடறதில்ல. அதுலயும் இதையா?"

இந்த இடத்தில் ஹோல்கர் உதவிக்கு வந்தான். "அவ பொய் சொல்லலங்க. ஈ, குளவி எல்லாம் செய்வா. இருங்க, காட்டறேன்." சொல்லிக்கொண்டே இழுப்பறையை வேகமாக இழுத்தான். இரண்டு சர்க்கரை ஈக்கள் எகிறிப்போய் ரொட்டியின் மேல் உட்கார்ந்தன. ரொட்டி வாங்க வந்து எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், ஈயைப் பார்த்தார், ரிக்மோரின் மோவாயைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

"ஈயும் உண்டா," என்றார் ப்ரெபென். ஆனால் ஈயில் அவருக்கு ஆர்வமில்லை.

"ஞாயித்துக்கிழமைக் கேக்கெல்லாம் எங்கிட்டதான் சொல்லியிருக்காங்க, ப்ரெபென். இப்போ போயி அந்த மூஞ்சிய ஒட்டினா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்." ரிக்மோருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"வருத்தப்படாதீங்க," என்று அவர் அன்போடு தோளில் தட்டினார். "ரொம்ப அழகான கரப்பான்."

மிச்சமிருந்தவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக, பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி டப்பாவில் வைத்தார். தகராறு செய்த மீசை மறுபடி உதிர்ந்தபோது "ஐயோ பாவம்" என்றார். பிறகு வாய் கவிழ்ந்த முகத்தைக் கதவில் நீவி நீவி ஒட்டினார். தெருமுனை திரும்பும்வரை அவர் விசில் கேட்டது.

சற்று நேரத்தில் பொடில் கேக்கை வாங்க வந்தாள். மொட்டைக் கேக்கைப் பார்த்தாள்.

"கரப்பான் எங்க?"

"உணவு ஆய்வாளர் புடிச்சுட்டுப் போயிட்டாரு," என்றாள் ரிக்மோர், மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"யாரு, ப்ரெபெனா?" பொடில் அப்படியே நின்றாள். "சந்தோஷமாப் போனாரா?"

"விசிலடிச்சுட்டுப் போனாரு," என்றான் ஹோல்கர் கசப்போடு.

பொடில் கதவருகே போனாள். வாய் கவிழ்ந்த முகத்தை நகத்தால் உரித்து, கசக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து அவர் எடத்துல நான்தான், காலையில வந்து சிரிக்கறத ஒட்டறேன்," என்றாள். "ஆயுசு பூரா தேடியும் ஒரு கரப்பான்கூடக் கெடைக்காமலே ரிட்டையர் ஆகறாரேன்னுதான் இந்தக் கேக்கையே சொன்னோம், சாயங்காலம் விருந்துக்கு நீங்களும் வாங்க, ஆனா அது சர்க்கரைன்னு மட்டும் அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."