அன்னூர்த் தென்னைக்குக் கம்பி கட்டிய வரலாறு

"போன வருசம் மழையே இல்லீங்க. அதனால தோட்டத்து வருமானம் ஒன்றரைக் கோடியாப் போச்சுங்க."

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரி வாசலில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது இது. கேட்டவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு எண்பது லட்சந்தானுங்க. கிணத்துல கொஞ்சம் தண்ணி இருந்துபோச்சு" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தேங்காய் பன்னைப் பிட்டு வாயில் போட்டார்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த லோகப்பிரியாவுக்கும் ஆச்சரியம் வரவில்லை. அவள் பி.காம். படித்துவிட்டு, எதிர்ச் சந்தில் வரி ஆலோசகர் கிருபாசங்கரிடம் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கோயமுத்தூரின் பொருளாதார விதி அவளுக்கு மனப்பாடம். மழை பொய்த்தால் ஊரெல்லாம் போர் போடுவார்கள். போர் போட்டால் மோட்டார் விற்கும். மோட்டார் விற்றால் அதை வார்க்கும் பவுண்டரிக்காரருக்கு லாபம் வரும். லாபத்துக்கு வரி உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. ஆகவே மழை பொய்த்தால் தென்னை காய்க்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஒன்றரைக் கோடிக்காரர் அலுவலகப் படியேறி வந்தார். பெயர் ஆறுச்சாமி. கணபதியில் பம்பு பவுண்டரி, அன்னூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் தோப்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். வரி ஏய்ப்பவர்கள் முரட்டுத்தனமாக இருப்பார்கள் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். கொங்கு நாட்டில் அப்படி இல்லை. இங்கே சட்டத்தையும் 'ங்க' போட்டுத்தான் மீறுவார்கள்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? பழம் எடுத்துக்கோங்க. நம்ம தோட்டத்துக் கணக்கைக் கொஞ்சம் பதிஞ்சுபோடுங்க."

"எத்தனை மரமுங்க?"

"நூத்தி இருபது."

லோகப்பிரியா கால்குலேட்டரைத் தட்டினாள். அவளுக்குப் பேசுவதைவிடத் தட்டுவது சுலபம். பிறகு, மேஜையைப் பார்த்தபடியே, "அப்போ ஒரு மரம் வருசத்துக்கு ஐயாயிரம் காய் காய்க்கோணுமுங்க. தினம் பதினாலு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை சேத்துங்களா?"

"சேத்துங்க."

ஆறுச்சாமி யோசித்தார். "அப்போ சரியாத்தான் வருதுங்க" என்றார்.

உள்ளறையிலிருந்து கிருபாசங்கர் வந்தார். நெற்றியில் திருநீறு, காதில் புளூடூத். வாடிக்கையாளர் சொல்வதைச் சந்தேகிப்பது விருந்தோம்பலுக்கு விரோதம் என்பது அவருடைய தொழில் தர்மம். "ஐயாயிரம் காயா? ஏம்மா, இயற்கை விவசாயம்னு எழுது. முடிஞ்சுது" என்றார்.

முடிந்துதான் போயிற்று. ஏனென்றால் அந்த இரண்டு வார்த்தைகளுக்கு எதிராக இன்று நகரத்தில் யாரும் பேச முடியாது. பவுண்டரி முதலாளிகள், பல் டாக்டர்கள், ஐ.டி. மேனேஜர்கள் எல்லோரும் சனிக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய், ஒரு கத்தரிக்காயைக் கையில் பிடித்து செல்ஃபி எடுத்து, திங்கட்கிழமை திரும்பிவிடுகிறார்கள். இவர்களை நம்பித்தான் மண் இருக்கிறது.

"ஒரு விஷயம்" என்றார் கிருபாசங்கர். "போன மாசம் உம் பேர்ல வரிக்கணக்குத் தயாரிக்கிறதுக்கு நம்பர் வாங்கினயே, அந்த நம்பர்லயே இதைப் போட்டுரு. சின்னப் பிள்ளை. முன்னுக்கு வரோணுமில்ல?"

அந்த எண்ணை வாங்க லோகப்பிரியா மூன்று பரீட்சை எழுதியிருந்தாள். அரசாங்கக் காகிதம் ஒன்றில் அவள் பெயர் பொறுப்புள்ள நபராக வருவது அதுதான் முதல் தடவை. அதன்கீழ் வரப்போகும் முதல் கணக்கே தினம் பதினான்கு காய் என்று இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் 'முடியாது' என்பது அவள் வாயில் வராத வார்த்தை. அதனால், மறுப்பதற்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

"பாக்கலாமுங்க."

ஆறுச்சாமியும் தம்மிடம் கடன் கேட்பவர்களுக்கு இருபது வருடமாக இதையேதான் சொல்லி வருகிறார். இருந்தும், "அப்போ நெம்ப சந்தோசமுங்க" என்று எழுந்து கும்பிட்டார். கிருபாசங்கரே அவளுடைய எண்ணைப் போட்டுக் கணக்கை அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது.

இப்போது வரி அதிகாரிகளுக்கு முகம் கிடையாது. இது வசவு அல்ல. திட்டத்தின் பெயரே அதுதான். அதிகாரி எந்த ஊர், ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. முகம் இருந்தால் லஞ்சம் கொடுக்க வசதி என்று எடுத்துவிட்டார்கள். கூடவே கண்ணும் போய்விட்டது. நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'தங்கள் மேலான விளைச்சல் இவ்வலுவலகத்தின் கவனத்தை ஈர்த்துள்ளது. கீழ்க்கண்ட விவரங்களை அளிக்கவும். தென்னை எந்த மாதம் விதைக்கப்பட்டது? எந்த மாதம் அறுவடை? அறுவடைக்குப் பின் கிடைத்த வைக்கோல் யாருக்கு விற்கப்பட்டது? மேலும், காய்களுடன் கூடிய மரம் ஒன்றின் புகைப்படமும், கணக்குத் தயாரித்தவர் மேற்படி மரத்தை நேரில் கண்டதாகக் கையொப்பமிட்ட சான்றும் இணைக்கவும்.'

"தென்னைல வைக்கோல் வராதுங்க" என்றாள் லோகப்பிரியா.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வைக்கோல் இல்லைன்னு எழுதினா, அவங்க தென்னையே இல்லைன்னு முடிவு கட்டிருவாங்க." கிருபாசங்கர் உக்கடத்துத் தீவன மண்டிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். மறுநாளே தென்னை வைக்கோல் நான்கு லாரி வாங்கியதற்கு ரசீது வந்துவிட்டது. அந்த மண்டிக்காரரும் வாடிக்கையாளர்தான்.

மீதி இருந்தது புகைப்படமும் லோகப்பிரியாவின் சான்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் ஆறுச்சாமியின் காரில் அன்னூர்த் தோப்புக்குப் போனார்கள். தோப்பு என்று பேர்தான். ஓலைகளில் வெள்ளை ஈ அப்பி, மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல நின்றன. பாதிக்கு மேல் குருத்தே இல்லை. தோட்டத்து வீட்டு வாசலில் ஆறுச்சாமியின் மனைவி புவனா நின்று வரவேற்றார்.

"வா கண்ணு, டிபன் சாப்புடு. ஏனுங்க, வர்ற வழியில தேங்காய் வாங்கியாரச் சொன்னேனே, வாங்கினீங்களா? சட்னிக்கு ஒண்ணுகூட இல்லையாக்கும்."

"ஒரு லோடு பின்னால வருது புவனா" என்றார் ஆறுச்சாமி.

வந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு டெம்போ நிறையக் குலைகள். கூடவே ஏணி, கட்டுக்கம்பி, பவுண்டரியில் வெல்டிங் வேலை பார்க்கும் இரண்டு பேர். இருப்பதில் கொஞ்சம் நேராக நின்ற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, கழுத்தைச் சுற்றிக் குலை குலையாகக் கம்பி வைத்துக் கட்டினார்கள். நான்காவது சுற்றில் மரம் முனகியது. ஐந்தாவது சுற்றில் லேசாகச் சாய்ந்தது. வெல்டர்கள் பின்பக்கம் ஒரு இரும்பு ஆங்கிளை முட்டுக் கொடுத்தார்கள்.

"இப்புடிக் காய்ச்சா நல்லாத்தான் இருக்கும்" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார் ஆறுச்சாமி. அவர் குரலில் உண்மையான ஏக்கம் இருந்தது. "அம்மணி, அப்புடியே மரத்துக்குக் கீழ போயி நில்லுங்க, போட்டோவுக்கு."

"கீழயா?"

"பயப்படாதீங்க. எட்டாம் நம்பர் கம்பி. விழுகாது."

லோகப்பிரியா நின்றாள். போட்டோ எடுத்தார்கள். ஆறுச்சாமி தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த சான்றை நீட்டினார். 'மேற்படி மரத்தை நேரில் கண்டேன். அதில் உள்ள காய்கள் அனைத்தும் அம்மரத்தினுடையவை' என்று இருந்தது. கீழே அவள் பெயர்.

"இந்தக் கையெழுத்து இல்லீன்னா ஒன்றரைக் கோடிக்கும் வரி கட்டோணுமாமுங்க. அபராதம் வேற. பவுண்டரில அறுபது குடும்பம் இருக்குதுங்க அம்மணி" என்றார். மிகவும் பணிவாகச் சொன்னார். கிருபாசங்கர் பணிவாக ஒன்றும் சொல்லவில்லை. "கையெழுத்துப் போடலீன்னா நாளைக்கு நீ ஆபீஸ் பக்கம் வர வேண்டியதில்லை" என்று மட்டும் அவள் காதில் சொன்னார்.

"பேப்பரை நான் வெச்சுக்கறனுங்க. ஊட்டுக்குப் போயி நானே ஏத்திப்போடறேன்" என்றாள் லோகப்பிரியா. சட்னி நன்றாக இருந்ததென்று புவனாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் புதுத் தாள் எடுத்து அவள் எழுதியது வேறு. 'மேற்படி மரத்தை நேரில் கண்டேன். அதில் கம்பியால் கட்டப்பட்டிருந்தவை ஒரு டெம்போ காய்கள். மரமே காய்த்தவை நான்கு. வைக்கோல் எதுவும் காணப்படவில்லை.' கையெழுத்துப் போட்டு, எண்ணை எழுதி, போட்டோவோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்வது அவளுக்கு எப்போதும் சுலபம். வேலை போய்விடும் என்பதும் தெரியும். மறுநாள் டிபன் பாக்ஸ் எடுக்காமலே அலுவலகத்துக்குப் போனாள்.

வேலை போகவில்லை. ஒரு மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு முகமில்லாத அதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது.

'கணக்குத் தயாரித்தவரின் சான்று பரிசீலிக்கப்பட்டது. விளைச்சலின் காரணம் அதில் திருப்திகரமாக விளக்கப்பட்டுள்ளது. கம்பி கட்டும் முறையால் மரத்துக்கு நான்கு காய் என்பது ஒரு டெம்போவாக உயர்ந்துள்ளது. விவசாய வருமானம் முழுமையாக ஏற்கப்படுகிறது. கம்பி வாங்கிய பில்லை இணைத்தால் அச்செலவும் அனுமதிக்கப்படும். வைக்கோல் காணப்படவில்லை என்பதால் வைக்கோல் வருமானம் மட்டும் நிராகரிக்கப்படுகிறது.'

கிருபாசங்கர் அதை இரண்டு தடவை படித்தார். அவள் எழுதிய சான்றையும் அப்போதுதான் படித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீ பெரிய ஆளாயிட்டம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எழுந்து நின்று சொன்னார்.

செய்தி பரவியது. ஊரில் இயற்கை விவசாயத்துக்கென்று இருந்த பேரவை ஒன்று ஆறுச்சாமிக்குத் 'தென்னைச் செம்மல்' விருது அறிவித்தது. ஏ.சி. மண்டபம், தினை லட்டு, ஆவாரம்பூ டீ. மேடையில் அவர், "மரத்துக்குக் கழுத்துல கம்பி கட்டோணுமுங்க. கட்டும்போது அன்பாப் பேசோணும். அம்புட்டுத்தானுங்க" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தோட்டம் இருந்தது, அத்தனை பேர் தோட்டத்திலும் காகிதத்தில்தான் காய்த்தது. இருந்தாலும் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒரு பல் டாக்டர் எழுந்து, இரும்புக் கம்பியா, செம்புக் கம்பியா என்று கேட்டார். நம் முன்னோர்கள் செம்புதான் கட்டினார்கள் என்று பேரவைத் தலைவர் தெளிவுபடுத்தினார். அந்த வாரமே செம்புக் கம்பி விலை ஏறியது. உண்மையாகவே தென்னை வளர்த்து, ஈயால் நொந்துபோயிருந்த விவசாயிகள் சிலர் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

ஆபீஸ் படியில் வரிசை நின்றது. "சார் வேண்டாமுங்க, அந்த அம்மணி சான்று கொடுத்தாத்தான் ஒரே தடவைல பாஸாகுதாமா" என்றார்கள். ஒருவர் தம்முடையது நெட்டை ரகம், ஆறாயிரம் போடவேண்டும் என்றார். தோட்டமே இல்லாத ஒரு நகைக்கடைக்காரர், மொட்டை மாடியில் தொட்டி இருப்பதாகச் சொன்னார்.

"நான் உள்ளதைத்தானுங்க எழுதுவேன்" என்றாள் லோகப்பிரியா. தைரியத்தை எல்லாம் திரட்டி, நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"அதேதானுங்க வேணும்!" என்றது வரிசை. "உள்ளதை எழுதுங்க, அவங்க பாத்துக்குவாங்க!"

கிருபாசங்கர் அவளுக்குத் தனி அறை ஒதுக்கினார். பித்தளையில் பெயர்ப்பலகை அடித்துக் கதவில் மாட்டினார். அவள் பெயர், அதன்கீழ் அவள் எண், அதன்கீழ் 'விவசாய வருமான நிபுணர்'. அன்றைக்கு மட்டும் அவளுடைய எண்ணின்கீழ் பதினோரு தோப்புகள் வந்து சேர்ந்தன. எதிலும் அவள் பொய் எழுதவில்லை. எதிலும் வரி வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போனபின் லோகப்பிரியா இணையதளத்தைத் திறந்து, தன் எண்ணை ரத்து செய்யும் பக்கத்துக்குப் போனாள். காரணம் கேட்டது. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முதலாவது, மரணம், அதற்கு விண்ணப்பதாரரே நேரில் கையொப்பமிட வேண்டும் என்று அடிக்குறிப்பு இருந்தது. இரண்டாவது, வெளிநாட்டில் குடியேறுதல். அதற்கு பாஸ்போர்ட் வேண்டும், அவளிடம் இல்லை. மூன்றாவது, முழுநேர விவசாயம். அதற்கு ஆதாரம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவதை அழுத்தினாள். 'மரங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் திறந்தது. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. லோகப்பிரியா 'ஒன்று' என்று அடித்தாள். பிறகு அதை அழித்துவிட்டு 'நூற்று இருபது' என்று அடித்து அனுப்பினாள்.