மூன்றாவது இஸ்திரிப் பெட்டி

"இது எதுக்கும்மா?"

மேசைமேல் மூன்றாவது இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டும் அதன் பக்கத்திலேயே, பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் போல, தலை குனிந்து கிடந்தன.

"ரெண்டையும் நீங்கதானே மாமா கழிச்சீங்க? ஒண்ணுல பிடி ஆடுது, இன்னொண்ணுல வயர் சூடாகுதுன்னு. மூணு பார்க்காம ஒண்ணை வச்சுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான்" என்றாள் மருமகள்.

பெரியவர் மூன்றாவது பெட்டியைக் கையில் எடுத்தார். சட்டம் அவருடையது.

பம்பு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். அங்கே அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் மருமகள் ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்தாள். பெரியவர் அதில் வெந்நீர் ஊற்றி, மணிக்கு ஒருமுறை விரலை விட்டுப் பார்த்து, மாலைக்குள் அதைக் கழித்துக் கட்டினார். கையோடு சட்டமும் போட்டார். கண்டதையும் வாங்குகிற குடும்பம் இது அல்ல. எந்தப் பொருளானாலும் மூன்று வகை வரவேண்டும்; பயன், உழைப்பு இரண்டையும் அவர் சோதிக்கவேண்டும்; தேறியது மட்டும் வீட்டில் இருக்கவேண்டும்.

தேறாதது எங்கே போகும் என்று சட்டத்தில் இல்லை. இதுவரை எதுவும் தேறவும் இல்லை. ஐந்து ஃபிளாஸ்க், ஏழு வாளி, நான்கு முக்காலி, மூன்று குடை என்று வீடு நிறைந்துகொண்டே வந்தது.

மூன்றாவது பெட்டியின் அடிப்பாகத்தை அவர் கண்ணருகே தூக்கிப் பிடித்தபோது தொலைபேசி அடித்தது. மருமகளின் அப்பா.

"சம்பந்தி! நாளைக்கு மத்தியானம் வர்றேன். நாலு நாள் தங்கறதா உத்தேசம். மீசை சௌக்கியமா?"

பெரியவரின் கை தானாக மீசைக்குப் போனது. மகன் கல்யாணத்தன்று இந்த மனிதர் இரண்டு கையிலும் கடைப் பைகளோடு வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் நாலு பேர் கேட்கப் பெரியவர் சொன்னது இது: "எங்க வீட்டுல ஒரு வேலைக்கு ஒரு பொருள்தான். ரெண்டாவதா ஒண்ணைக் காட்டுங்க, மீசையை எடுத்துடறேன்."

"மீசைக்கு என்ன குறைச்சல்? வாங்க, வாங்க" என்று சொல்லி வைத்தார்.

போனை வைத்தவுடன் மகனைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளுடா."

மகன் தள்ளினான். முக்காலிகளைத் தள்ளியபோது கட்டில் முனகியது. ஏழாவது வாளியைத் தள்ளியபோது கட்டிலின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பின.

"அப்பா, மாமா இதுல ஏறிப் படுக்கணும்னா ஏணி வேணும்."

"ஏணி வேண்டாம். மூணு வாங்கவேண்டி வரும்" என்றாள் மருமகள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பெரியவர் யோசித்தார். பூட்டு வைத்த பெரிய பீரோ ஒன்று இருந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். இது வீண் செலவில் சேராது, மானத்துக்கான செலவு. சட்டையை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார்.

"மூணு பார்க்கணுமே மாமா?"

வாசல்வரை போனவர் நின்றார். தனக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அது குடும்பமா?

மறுநாள் காலை மூன்று பீரோக்கள் வந்து இறங்கின. பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பெரியவர் முதலில் சுமைக்காரர் போட்டிருந்த கயிற்று முடிச்சில் குறை சொன்னார். பிறகு பீரோக்களுக்கு வந்தார். ஒன்றின் கதவு கிறீச்சிட்டது. ஒன்று தரையில் சரியாக நிற்கவில்லை. மூன்றாவதில் அவராலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அது அறைக் கதவுக்குள் நுழையவில்லை.

"மூணையும் எடுத்துட்டுப் போயிடுப்பா."

"இன்னைக்கு வண்டிக்கு வேற லோடு இருக்கு பெரியவரே. திங்கக்கிழமைதான்." சுமைக்காரர் தன் முடிச்சை ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று பீரோக்களும் நடையில் வரிசையாக நின்றன. சமையலறைக்குப் போக வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகரவேண்டியிருந்தது. மருமகள் காபியைப் பீரோவின் தலைமேல் வைத்து அந்தப் பக்கம் தள்ளினாள். பெரியவர் நுனிக்காலில் நின்று எடுத்துக் குடித்தார்.

"மணி பதினொண்ணுப்பா" என்றான் மகன், ஏதோ ஒரு பீரோவுக்குப் பின்னாலிருந்து.

"ஒரு வேன் கூப்பிடு. எல்லாத்தையும் வாங்கின கடையிலேயே கொண்டுபோய் மூஞ்சில விட்டெறியறேன்."

"கடைக்கா?" மருமகளின் குரலில் முதல்முறையாகப் பதற்றம் தெரிந்தது. "நீங்க எதுக்கு மாமா அங்க போய்க்கிட்டு? நான் போறேனே."

"நீ போனா இன்னும் மூணு வாங்கிட்டு வருவே."

கடை வாசலில் வேன் நின்றது. பெரியவர் வாளிக்குள் வாளியாக அடுக்கி, அதற்குள் ஃபிளாஸ்க்குகளைச் செருகி, மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். பின்னால் மகன் முக்காலிகளோடு வந்தான்.

"அடடே, சம்பந்தி!"

கடைக்குள், கையில் பெட்டியும் தோளில் துண்டுமாக, மருமகளின் அப்பா நின்றிருந்தார். ரயிலடியிலிருந்து வரும் வழியில் ஒரு கடை கண்ணில் பட்டால் அவரால் தாண்டிப் போக முடியாது.

அவர் வாளிகளை எண்ணினார். முக்காலிகளை எண்ணினார். பிறகு நிதானமாக மீசையைப் பார்த்தார்.

குடும்ப மானம் ஒரு நூலில் தொங்கியது. பெரியவர் நிமிர்ந்தார். இத்தனை வருடப் பெயரைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அது நேர்மையான வழி அல்ல என்பதும் அவருக்குத் தெரியும்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சம்பந்தி. எல்லாம் உங்க பொண்ணு வேலை. உங்க வளர்ப்பு அப்படி. ஒண்ணு போதும்கிற இடத்துல மூணு வாங்கறா. நான் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

சம்பந்தியின் முகம் சுருங்கிப்போனது. "என் பொண்ணா? சின்ன வயசுல மிட்டாய்க்குக்கூட பேரம் பேசுவாளே..."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலிகளைக் கீழே இறக்கினான்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். வாளியின் விளிம்பைத் தடவினாள். அடையாளம் தெரிந்துகொண்டவளைப் போலச் சிரித்தாள்.

"இது அந்த அம்மா வாங்கினதாச்சே! நீங்க அவங்க அப்பாவா?" என்று சம்பந்தியைக் கேட்டாள்.

"ஆமாம்மா. அப்படி ஊதாரியா அவ?"

"யாரு, அவங்களா? இதெல்லாம் விக்காம நாங்க ஓரமா ஒதுக்கிப் போட்டது சார், சும்மா கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தோம். அதுலயும் தேடித் தேடி ஓட்டை உடைசலாத்தான் எடுப்பாங்க. 'நல்லதா எதையும் கொடுத்துடாதீங்கக்கா, வீட்டுல ஒரு மாமனார் இருக்கார், சாமான்ல குறை கிடைக்கலேன்னா எங்ககிட்ட தேட ஆரம்பிச்சிடுவார்'னு."